நார்கண்டாவில் உறைந்த ஆரணி ஆயில்

கியர் பாக்ஸில் என்ன ஆயில் ஊற்றினாய் என்று யாராவது கேட்டால், கேட்டவர் வாயை மூடுவதற்குள் பதில் வர வேண்டும். நான் ஒருமுறை தாமதித்தேன். போனின் எதிர்முனையில் இருந்தவன் “ஹலோ, ஹலோ” என்று இரண்டு தடவை கத்தும் அளவுக்குத் தாமதித்தேன். முப்பத்தோரு வருடம் லாரிகளுக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்தவன் நான். என் தொழிலில் மிக நீளமான நேரம் எது என்று கேட்டால், அந்த இரண்டு ஹலோவுக்கு நடுவே இருந்த இடைவெளியைத்தான் சொல்வேன்.

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, பாக்ஸைப் பிரிப்பதும் பூட்டுவதும் ஆறு மாதத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்லித்தர இதை எழுதவில்லை. கை நன்றாக வேலை செய்த ஒரு நாளில் புத்தி எப்படிக் கோணிப்போனது, இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் நின்ற லாரி என்ன ஆக இருந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆரணியில் எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்து பூட்டியதும், வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தேவிகாபுரம் வரை ஓட்டிப் பார்ப்போம். அந்த ஓட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள். காதுகள் மட்டும் வேலை செய்யும். சத்தமில்லாமல் திரும்பினால் மெக்கானிக்கின் பெயர் சாயங்காலத்துக்குள் லாரி ஸ்டாண்ட் முழுக்கப் பரவிவிடும். சத்தம் வந்தால் அதுவும் அதே வேகத்தில் பரவும்.

துரை என் தெருக்காரன். ஒரே ஒரு லாரி, அவனே முதலாளி, அவனே டிரைவர். தூரப் பயணங்களுக்கு இரண்டாவது டிரைவராக காதர் கூடப் போவார். அந்த வருடம் மழைக்காலத்துக்கு முன்பு துரையின் வண்டியில் மூன்றாவது கியர் பல் தேய்ந்து என்னிடம் வந்தது. ஜோடியில் ஒன்றை மாற்றினேன். இன்னொன்று கண்ணுக்கு நன்றாக இருந்ததால் விட்டுவிட்டேன். பழைய பல்லும் புதுப் பல்லும் ஒன்றோடொன்று பழகும்வரை கொஞ்சம் கத்தும். அதில் ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் துரையோடு தேவிகாபுரம் ஓட்டம். நான் தனியாக ஓட்டிப் பார்த்தபோது மூன்றாவது கியர் நன்றாகவே கத்தியது.

கம்பெனி சொன்ன ஆயில் தொண்ணூறு. எண் ஏற ஏற ஆயில் கெட்டி. நூற்று நாற்பது என்பது பாகுபோல இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே மெத்தைபோல நின்று சத்தத்தை விழுங்கிவிடும். எங்கள் வெயிலில் அது ஓரளவு இளகிக்கொள்ளும், வண்டியும் ஓடும். நான் நூற்று நாற்பதை ஊற்றினேன்.

மறுநாள் ஓட்டத்தில் ஒரு முனகல்கூட இல்லை. துரைக்கு வாயெல்லாம் பல். “இன்னா மேஸ்திரி, புது வண்டி மாதிரி கீது! தொண்ணூறுதானே ஊத்துனே?” என்று கேட்டான். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஏதோ யோசனை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

அவன் அரிசி ஏற்றிக்கொண்டு டெல்லி போனான். வண்டி ஒரு மாதம் நன்றாக ஓடியது. இரண்டாம் தடவை டெல்லியில் சரக்கை இறக்கிய பிறகு, சிம்லாவுக்கு மேலே ஆப்பிள் ஏற்ற லாரி தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, மலை ஏறிவிட்டான். நவம்பர் மாதம். ஆரணியில் குளிர் என்றால் ஒரு போர்வை கூடுதல், அவ்வளவுதான். அந்த மலையில் அது என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை. அவன் அங்கே போனதும் எனக்குத் தெரியாது.

ஒரு காலை ஏழு மணி இருக்கும். தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருந்தார்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோல்களில் இழுத்துக் கட்டிய இழைகளுக்கு நாலைந்து பேர் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி துரையின் மனைவி கோமதி. நான் பட்டறைக் கதவைத் திறக்கும்போது அவள் ஓடிவந்தாள். முழங்கை வரை கஞ்சி.

“அண்ணா, ஜல்தி வாங்க! டீச்சர் வீட்டுக்கு அவரு போன் பண்ணிகிறாரு. கியர் விழமாட்டேங்குதாம். பத்து நிமிசத்துல திரும்பப் பண்றேன்னாரு. கொரலே சரியில்லீங்க.”

தெருவில் போன் இருந்தது டீச்சர் வீட்டில் மட்டும்தான். நாங்கள் போய் நிற்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

“மேஸ்திரி! பேஜாராப் போச்சுபா. நார்கண்டாவுல நிக்கறேன், சிம்லாவுக்கு மேல. ஆப்பிள் லோடு. நேத்து சாயங்காலம் நிறுத்துன வண்டி. காலைல இஞ்சின் எப்படியோ ஸ்டார்ட் ஆயிடுச்சு. கியர் ராடு கல்லு மாதிரி கீது. ரெண்டு கையால இழுத்தாலும் நகரமாட்டேங்குது. இங்க ஒரு மெக்கானிக் பாத்துட்டு, கிளச் பிளேட் ஒட்டிகிச்சு, பாக்ஸை இறக்கணும்ன்றாரு.”

“எத்தினி நாளாவும்?”

“ரெண்டு நாள். அதுக்குள்ள பனி கொட்டும், ரோடு மூடிடும்ன்றாங்க. எல்லா வண்டியும் கிளம்பிகினு கீது. நான் ஒரு வழி வச்சிகிறேன். வண்டி சரிவுலதான் நிக்குது. பிரேக்க விட்டா தானா உருளும். உருண்டு கொஞ்சம் வேகம் எடுத்துச்சுனா மூணாவதுல தள்ளிடுவேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போவலாம்னுதான் பண்ணேன்.”

ஒன்பது டன் ஆப்பிளோடு மலைச்சரிவில் கியர் இல்லாமல் உருட்டுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாவது விழாவிட்டால் பிரேக் ஒன்றுதான் துணை. இரண்டு வளைவில் பிரேக் சூடேறிக் கைவிட்டுவிடும். மூன்றாவது வளைவில் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

“உருட்டாதே! ஒரே ஒரு சோதனை பண்ணு. காதரை வண்டில ஏறச் சொல்லு. நியூட்ரல்ல வச்சு கிளச்சை மெதுவா விடட்டும். இஞ்சின் சத்தம் எறங்குதான்னு பாரு.”

துரை போன் கடையிலிருந்தே வெளியே கத்தினான். கொஞ்ச நேரம் வெறும் காற்றுச் சத்தம். பிறகு அவன் குரல்.

“எறங்குது. சாவற மாதிரி மொனகுது. ஒருவாட்டி ஆஃபே ஆயிடுச்சு.”

இது முக்கியம், கேட்டுக்கொள்ளுங்கள். நியூட்ரலில் கிளச்சை விட்டால் இஞ்சின் சுழற்றவேண்டியது பாக்ஸுக்குள் இருக்கும் பல்லுகளை மட்டும்தான். சக்கரத்தின் பாரம் அதன்மேல் இல்லை. அப்போதும் இஞ்சின் திணறுகிறது என்றால் பல்லுகள் எதற்குள்ளேயோ புதைந்து கிடக்கின்றன. ஆயிலுக்குள். கிளச் மேல் ஒரு குற்றமும் இல்லை.

“கிளச் இல்ல துரை. ஆயில் ஒறைஞ்சி போயிகீது.”

“அது எப்படி மேஸ்திரி? பக்கத்துல நின்ன வண்டியெல்லாம் தொண்ணூறுதான். எல்லாம் கிளம்பிப் போயிகினே கீதே. எனக்கு மட்டும் ஏன் ஒறையணும்? நீ இன்னா ஆயில் ஊத்துனே?”

அதுதான் நான் முதலில் சொன்ன இடம். கோமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சர் கையில் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றார். கம்பெனி டின்னில் ஏதோ கலப்படம் என்று சொல்லலாம், டெல்லியில் யாராவது மாற்றி ஊற்றியிருப்பார்கள் என்று சொல்லலாம். இரண்டும் என் நாக்கு நுனிவரை வந்தன. “ஹலோ!” என்றான் துரை. எந்தப் பொய்யைச் சொன்னாலும் அவன் ஆயிலைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு மறுபடியும் கிளச்சுக்குப் போவான், அல்லது உருட்டுவான். “ஹலோ, மேஸ்திரி, லைன்ல கீறியா?”

“துரை, அது தொண்ணூறு இல்ல. நூத்திநாப்பது. மூணாவது கத்துச்சு. உன் காதுல விழக்கூடாதுன்னு ஊத்திட்டேன்.”

அவன் சொன்ன முதல் நான்கு வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஐந்தாவது, “த்தூ” என்பது.

“சரி, சாபத்தை ஊருக்கு வந்து உடு. இப்ப ஆயிலை சூடு பண்ணணும்.”

“இங்க எல்லாரும் டீசல் நனைச்ச துணியைக் கொளுத்தி டேங்க்குக் கீழ காட்றாங்க. நானும் பாக்ஸுக்குக் கீழ காட்டட்டுமா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து கோமதி, “தீ வேணாம்னு சொல்லுங்கண்ணா!” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

“ஆறிப்போன கஞ்சிக்கு அடியில தீயை வச்சா அடி பிடிச்சுக்கும், மேல கட்டி கட்டியாவே நிக்கும். வேற ஏனத்துல ஊத்தி, கங்கு மேல வச்சு, கிளறிகினே இருக்கணும். ஏனத்தோட வெளிப்பக்கம் கை வச்சா ரெண்டு எண்றதுக்குள்ள எடுக்கத் தோணணும். அதுதான் பதம். தெனம் இதைத்தானே பண்றோம்?”

பாக்ஸுக்குக் கீழே தீயைக் காட்டினால் ஆயில் சீல் ரப்பர் கருகும், பக்கத்தில் போகும் பிரேக் காற்றுக் குழாய் உருகும். இது எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பதில் என்ன செய்வது என்பது எனக்குத் தெரியாது. குளிரில் ஆயிலைக் காய்ச்சிய மெக்கானிக் ஆரணியில் யார் இருக்கிறார்? பதம் தெரிந்தவள் முழங்கை வரை கஞ்சியோடு பக்கத்தில் நின்றாள். அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். கூடவே என் பங்கையும் சொன்னேன்.

“டீக்கடையில கரி அடுப்பு ரெண்டு கேளு. பாக்ஸுக்கு அடியில கீற ஆயில் வடிக்கற நட்டைக் கழட்டி ஆயிலை டின்னுல புடி. மெதுவாத்தான் எறங்கும், காத்திரு. கோமதி சொன்ன பதத்துக்கு காய்ச்சி, நட்டை மாட்டிட்டு, சூட்டோட திரும்ப ஊத்து. ஊத்துனதும் இஞ்சினைப் போட்டு நியூட்ரல்ல கிளச்சை விட்டுடு. பல்லு சுத்தி ஆயிலைக் கடையட்டும். பாக்ஸ் மேல கை வச்சா எல்லாப் பக்கமும் சூடு தெரியணும். அப்பறம், சக்கரத்துக்குக் கட்டை போட்டபடியே எல்லா கியரையும் மூணு தடவை போட்டுப் பாரு. ஒண்ணு தகராறு பண்ணாலும் கட்டையை எடுக்காதே. கிளம்புனா, கீழ எறங்குற வரைக்கும் இஞ்சினை நிறுத்தாதே.”

“அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆவும். பனி வந்துடும். தொண்ணூறுன்னு தலையாட்டுன ஆளு நீ. இப்ப நீ சொல்றதை நான் எப்படிபா நம்பறது?”

நியாயமான கேள்வி. கோமதி ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கினாள். ரிசீவரெல்லாம் கஞ்சி.

“அவரை நம்பாதே. என்னை நம்பு. உருட்டமாட்டேன்னு சொல்லு... ஆப்பிள் கெட்டா கெடட்டும், நீ மொதல்ல சொல்லு... காதர் அண்ணன் மேல சத்தியமா சொல்லு. உன் மேல நீயே பண்ற சத்தியத்தை எத்தினி தடவை பாத்துகிறேன்.” கொஞ்ச நேரம் கேட்டாள். “ம். வை.”

வைத்துவிட்டு என்னிடம், “உருட்டமாட்டாராம்” என்றாள். நாலு திட்டு திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

தெருவில் பாவு காத்துக்கொண்டிருந்தது. கஞ்சி காய்வதற்குள் இழையைப் பிரித்து நீவ வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் மொத்தமும் ஒட்டிக்கொள்ளும். “சும்மாதானே நிக்கறீங்க, வந்து கோலைப் புடிங்க” என்றாள். பட்டு இழைக்குப் பக்கத்தில் கிரீஸ் கையோடு போக முடியுமா? மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கிழவர் என் உள்ளங்கையை முகர்ந்து பார்த்து, “இன்னொருவாட்டி” என்று திருப்பி அனுப்பினார். நான்காம் தடவைதான் கோலைத் தொட விட்டார்கள்.

ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. போன் அடிக்கவில்லை. கோமதி இழையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் டீச்சர் வீட்டில் சமையற்கட்டுப் பாத்திரம் விழுந்தபோது தெருவில் முதலில் நிமிர்ந்தவள் அவள்தான். நான் மனதுக்குள் அந்த ஆயிலை நூறு தடவை காய்ச்சி நூறு தடவை ஊற்றினேன். நட்டைச் சரியாக இறுக்கியிருப்பார்களா? பதம் வருவதற்குள் பொறுமை போயிருக்குமா? மற்ற லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போகும்போது, அடுப்புக்கு முன்னால் குந்தியிருப்பவனுக்கு எவ்வளவு நேரம் பொறுமை இருக்கும்?

பதினொன்றரைக்கு மணி அடித்தது. கோமதி கோலைத் தாண்டிக் குதித்து ஓடினாள். நான் கோலை விட முடியாமல் அப்படியே நின்றேன். கிழவர், “போ, போ, நான் புடிக்கறேன்” என்றார்.

பேசியது காதர். குரல் துள்ளியது.

“அண்ணே! தியோக் வந்துட்டோம், கீழ எறங்கிட்டோம்! உங்க ஆயிலைப் பாக்கணுமே, நட்டைக் கழட்டுனா ஒழுவவே இல்ல. கயிறு மாதிரி தொங்குச்சு. அங்க இருந்த மெக்கானிக் அதைக் குச்சியால சுத்திப் பாத்துட்டு, இது ஆயிலா, அல்வாவான்னு கேட்டாரு. கிளச்சுன்னு சொன்னதுக்கு அவரே சிரிச்சுட்டு, தன் வீட்டு அடுப்பையும் தூக்கியாந்து குடுத்தாரு. காய்ச்சி ஊத்துனோம். மூணு தடவை போட்டோம். எல்லாம் விழுந்துச்சு. வழியில ஒரு வளைவுல மட்டக்குதிரைங்க ரோடு முழுக்க நிக்குது. துரை மூணாவதுலேர்ந்து ரெண்டாவதுக்குத் தட்டுனாரு பாருங்க, ஒரே தட்டு! வண்டி அப்படியே அடங்கிடுச்சு. பின்னால மேல எல்லாம் வெள்ளையாயிடுச்சு, அண்ணே. நாங்கதான் கடைசி வண்டி.”

நான் ரிசீவரைக் கோமதியிடம் கொடுத்தேன். துரை வந்திருப்பான் போல. அவள், “சாப்ட்டியா?” என்று கேட்டாள். பிறகு திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

அன்று மத்தியானமே நான் நூற்று நாற்பது ஊற்றி அனுப்பிய வண்டிகளைக் கணக்கெடுத்தேன். துரையுடையதைத் தவிர நான்கு. நான்கு பேரிடமும் போய்ச் சொன்னேன். இருவர் சிரித்தார்கள், ஒருவர் வேறு பட்டறைக்குப் போனார், இன்னொருவர் ஊர் முழுக்கச் சொன்னார். அது முதல் நான் பிரித்துப் பூட்டிய ஒவ்வொரு பாக்ஸின் மேலும் ஆயில் எண்ணை வெள்ளைப் பெயிண்டில் கை அகலத்துக்கு எழுதினேன். நீங்களும் எழுதுங்கள். வண்டி எந்த ஊருக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியாது. வண்டிக்காரருக்கே பல சமயம் தெரியாது. மலையில் நிற்கும்போது உங்களுக்கு போன் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

துரை வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. வீட்டுக்குப் போகாமல் வண்டியை நேராகப் பட்டறைக்குள் விட்டான். எனக்கு வணக்கம் இல்லை, திட்டும் இல்லை. கையை நீட்டி, “தொண்ணூறு டின்னை எடு” என்றான். டின்னில் இருந்த எழுத்தை அவனே ஒவ்வொன்றாகப் படித்தான். பழையதை இறக்கிப் புதியதை ஊற்றும்வரை பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்திருந்தான். பிறகு, “ஏறு” என்றான்.

தேவிகாபுரம் ரோடு. அவன் ஓட்ட, நான் பக்கத்தில். வழக்கம்போல யாரும் பேசவில்லை. முதல் கியர், இரண்டாவது. மூன்றாவது விழுந்ததும் பாக்ஸ் கத்த ஆரம்பித்தது. உய்யென்று, ஒரே சீராக. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

“இதுவா?” என்றான்.

“இதான்.”

“இந்தச் சத்தத்துக்கா, மேஸ்திரி?”

“ஆமா.”

வண்டியை ஓரம் கட்டினான். ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் கையை வைக்கப் போனேன். நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. “பம்பு செட்டு இதைவிட ஜாஸ்தி கத்துமேய்யா! இதுக்கா என்னை மலையிலேர்ந்து உருட்டப் பாத்தே?”

முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கிளம்பினான். முதல், இரண்டாவது, மூன்றாவது. பிறகு கியர் ராடிலிருந்து கையை எடுத்துவிட்டு, “கேளு. நல்லா கேட்டுகினே வா” என்றான். ரோடு காலியாக இருந்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துச் சலித்துத் தாண்டிப் போனது. தேவிகாபுரம் கோபுரம் தெரியும்வரை அவன் நான்காவதுக்கு மாற்றவே இல்லை.